மூடிய குடை: ஒருநாள் பொம்பெயிப் பயணத்தின் இலக்கணம்

எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில் அறிஞர்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. வண்டிச் சக்கரம் தேய்த்த தடம், கழிவுநீர்க் கால்வாய், மதுக்கடைச் சுவரில் எவனோ கிறுக்கிய வசவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆள் இருக்கிறார்கள். ஓர் அடுமனையின் அடுப்பில் கருகிக் கிடந்த ரொட்டிகளை எண்ணி, 81 என்று பதிந்தும் வைத்தாயிற்று. ஆனால் அந்த ஊரைப் பார்ப்பதற்காக ரோம் நகரில் இருட்டோடு எழுந்து, பேருந்தில் ஏறி, 240 கிலோமீட்டர் போய், அரக்கப்பரக்க நடந்து, மறுபடி 240 கிலோமீட்டர் திரும்பும் நாற்பது பேரை எண்ணுபவர்கள் வழிகாட்டிகள் மட்டுமே. நாள் முழுக்க எண்ணினாலும் அவர்கள் முடிவை வெளியிடுவதில்லை.

இக்குறையைப் போக்கும் பொருட்டு, அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இக்கட்டுரையாளர் கள ஆய்வு மேற்கொண்டார். துணை ஆய்வாளர் பெரியப்பா. பொதுப்பணித் துறையில் உதவிச் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சாக்கடையைப் பார்ப்பவர். ஆய்வுக் கருவிகள்: கைக்கடிகாரம் ஒன்று, விடுதி ரசீதின் பின்பக்கம், மை கசியும் பேனா. மாதிரியின் அளவு: ஒரு பயணம். இது போதாது என்று ஆட்சேபிப்பவர்கள் இன்னொரு பயணத்துக்கான கட்டணத்தை அனுப்பிவைத்தால் மாதிரியை இரட்டிப்பாக்கத் தடையில்லை.

தமிழில் ஒரு பொருளை ஆராய்வதென்றால் முதலில் நூற்பா வேண்டும். இத்துறையில் யாரும் செய்துவைக்காததால் இக்கட்டுரையாளரே ஒன்று செய்துகொண்டார்:

மூடிய குடையின் முன்நுனி நோக்கி
ஓடிய கூட்டம் ஒருநாட் செலவே.

‘மூடிய’ என்றமையான் திறந்த குடை விலக்கப்பட்டது. திறந்த குடைக்கீழ் நடப்பவர் உலாப் போகிறவரேயன்றிச் சுற்றுலாப் போகிறவர் அல்லர். ‘முன்நுனி’ என்றதனால், குடையைப் பிடித்தவரின் முகத்தைக் கூட்டத்தில் எவரும் பார்ப்பதில்லை என்பது பெற்றாம். ‘ஓடிய’ என்றது, ஓடாதவர் பின்தங்கினர் என்றவாறு. ‘ஒருநாள்’ என்றது, முந்தின இரவு மூன்று கைபேசிகளில் அலாரம் வைத்ததையும் மறுநாள் கட்டிலைவிட்டு இறங்க முடியாததையும் கழித்து நின்ற எண் என்க. அற்றேல், இடிபாடு எங்கே எனின், அது நூற்பாவில் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இனி வரலாறு. இத்துறையின் முன்னோடி மூத்த பிளினி. கி.பி. 79இல் மிசேனம் துறையில் ரோமக் கடற்படைக்குத் தலைவராக இருந்தவர், வளைகுடாவுக்கு அக்கரையில் வெசுவியஸ் மலைமேல் விசித்திரமான மேகம் எழுவதைக் கண்டு, கிட்டப் போய்ப் பார்த்துவரலாமென்று படகைத் தயார் செய்யச் சொன்னார். சகோதரியின் பதினேழு வயது மகனையும் கூப்பிட்டார். பையனோ, மாமாவே கொடுத்த எழுத்துவேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டான். பார்க்கக் கிளம்பியது வழியில் மீட்புப் பயணமாக மாறி, மாமா ஸ்டேபியாக் கரையில் உயிரை விட்டார். பையன் பிழைத்து, இளைய பிளினியாகி, வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு இரண்டு கடிதங்களில் நடந்ததை எல்லாம் எழுதினார். வீட்டுப்பாடம் உயிர் காக்கும் என்பதற்கு உலக வரலாற்றில் இதைவிட வலுவான சான்று கிடையாது.

அக்கடிதங்களுள் ஒன்றில் நம் ஆய்வுக்கு இன்றியமையாத குறிப்பொன்றும் உண்டு. வானத்திலிருந்து கல் விழுந்துகொண்டிருந்ததால், வெளியே வந்தவர்கள் தலையணைகளைத் தலைமேல் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டார்களாம். ஆபத்து வந்தபோது மாமாவின் கூட்டத்தில் எல்லோர் தலைமேலும் ஒன்று இருந்தது. இப்போதைய கூட்டங்களில் ஒருவர் தலைமேல் மட்டும் இருக்கிறது, அதுவும் மூடியபடி. இடையில் நேர்ந்த இந்த வீழ்ச்சியை எந்த வரலாற்றாசிரியரும் விளக்கவில்லை.

வழிகாட்டியின் தொன்மையும் சாதாரணமானதன்று. கிரேக்க அறிஞர் புளூட்டார்க், டெல்ஃபியை வைத்து எழுதிய உரையாடல் ஒன்றின் தொடக்கத்திலேயே, வழிகாட்டிகள் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துக்கொண்டே போனதையும், கல்வெட்டு விளக்கத்தைக் கொஞ்சம் சுருக்குங்கள் என்று கெஞ்சியும் அவர்கள் காதில் போட்டுக்கொள்ளாததையும் பதிந்திருக்கிறார். இது 1,900 ஆண்டுகளுக்கு முந்தைய புகார். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பிற்காலத்தை விரைவாகக் கடக்கலாம். பொம்பெயியில் தோண்டத் தொடங்கியது 1748. கவி கெதே 1787இல் வந்து பார்த்தார். குடைக்குப் பின்னால் வரவில்லை, ஆகவே நம் ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கிறார். தாமஸ் குக் 1864இல் ஆங்கிலேயரைக் கூட்டம் கூட்டமாக இத்தாலிக்கு அழைத்துவரத் தொடங்கியதும்தான் இக்கலைக்கு இலக்கணம் அமைந்தது. வெசுவியஸ் மலைமேல் ஏற 1880இல் கம்பிவட ரயில் விட்டார்கள். அதற்கு விளம்பரமாகப் பிறந்த ‘ஃபுனிகுலி ஃபுனிகுலா’ பாட்டு உலகெங்கும் பரவியது. ரயிலைப் பின்னாளில் குக் நிறுவனமே வாங்கியது. 1944இல் மலை பொங்கி அதையும் எடுத்துக்கொண்டது. பாட்டு மட்டும் மிச்சம்.

இனி நூற்பாவின் உயிரான குடைக்கு வருவோம். ரோமப் படையில் ஒரு செஞ்சுரி என்பது பெயருக்குத்தான் நூறு. உண்மையில் எண்பது பேர். அதன் முன்னே கம்பத்தில் சின்னத்தை உயர்த்திப் பிடித்து ஒருவன் நடப்பான். எங்கள் பேருந்தில் நாற்பது பேர். ஆக நாங்கள் அரைச் செஞ்சுரி. எங்கள் சின்னம் நீலநிறத்தில் கைப்பிடி வளைந்த குடை. வேறு பள்ளிகளும் உண்டு. சிலர் சிறு கொடி பிடிக்கிறார்கள். சிலர் நீளும் கம்பியின் நுனியில் துணியால் செய்த சூரியகாந்தியைச் செருகுகிறார்கள். இவற்றுள் குடையே மேலானது என்பது என் கருத்து. காரணம், பார்ப்பவனுக்கு அது ஓர் ஆசையைக் கொடுக்கிறது: என்றாவது திறப்பார்கள்.

நம் புலவர்கள் வேந்தனின் வெண்கொற்றக்குடையை வெயில் மறைக்கும் பொருளாகக் கொள்ளவில்லை. குடிகளைக் காக்கும் அடையாளம் என்றார்கள். சரி. அந்தக் குடையாவது விரிந்திருந்தது. பொம்பெயியில் 66 ஹெக்டேர் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைத் தோண்டி வெளியே எடுத்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதிக்குக் கூரை கிடையாது. அக்டோபர் வெயில்கூட உச்சந்தலையைப் பதம் பார்க்கிறது. இத்தனைக்கும் இதே ஊரில், ஆம்பிதியேட்டரில் வாட்போர் நடத்தியவர்கள் சுவரில் எழுதிய விளம்பரங்களில், யார் யார் மோதுகிறார்கள் என்பதோடு, மேலே துணிப்பந்தல் உண்டு என்றும் எழுதினார்கள். ஆள் செத்து விழுவதைப் பார்க்க வந்தவனுக்கு நிழல் உத்தரவாதம். நாங்கள் பெற்ற நான்கு பக்க அச்சுத்தாளில் நிழல் என்ற சொல் இல்லை. துணை ஆய்வாளர் இருமுறை தேடினார்.

குடைக்கு ஒரு குறை உண்டு. நீலக்குடை உலகில் ஒன்றுதானா? ஃபோரம் சதுக்கத்தில் ஐந்தாறு கூட்டங்கள் குறுக்கும் நெடுக்கும் போனபோது பெரியப்பாவைக் காணவில்லை. இருபது நிமிடம் கழித்து, அடுமனை ஒன்றின் எரிமலைக்கல் திரிகைகளுக்கு அருகே, ஸ்பானிய மொழிக் கூட்டம் ஒன்றின் முன்வரிசையில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

“பெரியப்பா, அது நம்ம குடை இல்ல.”

“தெரியும்டா. ஆனா இவன் நல்லா விளக்குறான்.”

ஸ்பானிய மொழியில் பெரியப்பாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. விளக்கத்தின் தரத்தை மொழியறிவு பாதிப்பதில்லை என்பது இதனால் பெறப்படும்.

அடுத்தது காலக்கணக்கு. புறப்பாடு காலை 7.00, மீட்சி இரவு 8.30, மொத்தம் பதின்மூன்றரை மணி நேரம். இதில் பேருந்துக்குள் 6 மணி 15 நிமிடம். நெடுஞ்சாலை உணவகங்களில் போகும்போதும் வரும்போதும் அரையரை மணி. மதிய உணவு ஒன்றேகால் மணி. பவளப் பட்டறை முக்கால் மணி. கூடுதல், எண்ணுதல், காணாமற்போனவரைத் தேடுதல், கழிப்பறை வரிசை ஆகியவை சேர்ந்து இரண்டு மணி. மிஞ்சிய 2 மணி 15 நிமிடம் இடிபாடு. சோற்றின் நடுவே ஊறுகாய்போல என்று சொன்னால் ஊறுகாய்க்கு இழுக்கு. அதைக் கேட்டால் இன்னொரு முறை வைப்பார்கள்.

இந்தக் கணக்கை ஆட்டிவைப்பது எந்தச் சீசரும் அல்லர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 எண் விதி. அதன்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் வண்டி ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். பயணிக்கு அப்படி ஒரு விதி இல்லை. பொம்பெயி வாசலில் எங்களை இறக்கிவிட்டு ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடிய காட்சியை, அன்று நான் கண்ட பழம்பெரும் சின்னங்களுள் முதலிடத்தில் வைக்கிறேன்.

இடிபாட்டைப் பற்றியும் சில சொற்கள் சொல்லத்தான் வேண்டும். வாசலில் முதல் சோதனை பெயர். 2024 நவம்பர் முதல் ஒருநாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை. சீட்டிலும் பெயர் அச்சிடுகிறார்கள். பெரியப்பாவின் கடவுச்சீட்டில் ஊர்ப்பெயர், தகப்பனார் பெயர், தன் பெயர் மூன்றும் சேர்ந்து ஒரு வரியைத் தாண்டும். வாயிற்காவலர் அதை ஒரு கல்வெட்டைப் படிப்பதுபோலப் படித்தார். இங்கே ஒரு கண்டுபிடிப்பு: பொம்பெயி ஆம்பிதியேட்டரில் உட்காரக்கூடியவர்களும் சுமார் 20,000 பேர்தான். கி.பி. 59இல் அங்கே உள்ளூர்க்காரர்களும் பக்கத்து நுசேரியா ஊர்க்காரர்களும் வசவில் தொடங்கிக் கல்லில் முடித்ததால், ரோம மேலவை பத்தாண்டுகளுக்கு அவ்வகைக் கூட்டங்களையே தடை செய்தது. அதே எண்ணிக்கையை இன்று மறுபடி அனுமதிக்கும் துணிச்சலுக்குக் காரணம், இப்போது எல்லோர் காதிலும் கருவி மாட்டியிருப்பதுதான். ஒருவர் திட்டுவது இன்னொருவருக்குக் கேட்காது.

காதுக்கருவியின் பயன் அதோடு நிற்பதில்லை. இரு கூட்டங்கள் நெருங்கும்போது அலைவரிசை கலந்து, ஓர் அறிவார்ந்த விவாதத்தை இலவசமாகக் கேட்கலாம். எங்கள் வழிகாட்டி அம்மையார் மலை வெடித்தது ஆகஸ்ட் 24 என்றார். அதே காதில் வேறொரு குரல் அக்டோபர் என்றது. இது சும்மா வந்த சண்டையன்று. பிளினி கடிதத்தின் கைப்பிரதிகளை வைத்து ஆகஸ்ட் என்றே நெடுங்காலம் கொண்டார்கள். 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய குறிப்பு கிடைத்தது. அதில் இருந்த நாள் அக்டோபர் 17. கரி எழுத்து அழிந்துபோகும் ஆகையால் அது அந்த ஆண்டே எழுதியதாக இருக்க வேண்டும் என்பது அக்டோபர் கட்சியின் வாதம். இந்த இரு நூற்றாண்டுச் சர்ச்சை என் இடது காதில் முப்பது விநாடி நடந்தது. பிறகு குடை நகர்ந்துவிட்டது.

தெருக்களைச் சொல்லாமல் விட முடியாது. கரிய எரிமலைக்கல் பாவிய சாலை, இருபுறமும் உயர்ந்த நடைமேடை, நடுவே தாண்டிப்போக மூன்று நான்கு பெருங்கற்கள். சாலையில் ஓடும் அழுக்குநீரில் கால் படாமல் கடப்பதற்காகக் கற்கள். வண்டிச் சக்கரம் புகுந்துபோக அவற்றிடையே சந்து. பெரியப்பா இங்கே ஆய்வின் தலைமையைத் தாமே ஏற்றுக்கொண்டார். குனிந்து தடத்தின் தேய்மானத்தைத் தடவி, “எல்லாம் வலப்பக்கம் ஒதுங்கியே போயிருக்கான்” என்றார். எரிக் போலர் என்ற அமெரிக்க அறிஞர் பல ஆண்டுகள் இத்தடங்களை அளந்து, 2017இல் வெளியிட்ட நூலில் அதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார். நேரம் மட்டுமே வேறுபாடு.

தெருமுனைகளில் நீர்க்கோபுரங்கள், மேலே ஈயத்தொட்டி வைத்து அழுத்தத்தைக் குறைத்து வீடுகளுக்கு ஈயக்குழாயில் அனுப்பியிருக்கிறார்கள். கீழே பொதுக்குழாய்த் தொட்டி. ஊரில் இப்படிப்பட்ட தொட்டிகள் சுமார் நாற்பது. தண்ணீர் பிடிக்கக் குனிந்தவர்கள் கை ஊன்றி ஊன்றித் தொட்டியின் விளிம்பு பள்ளமாகியிருக்கிறது. அந்தப் பள்ளத்தில் பெரியப்பா தம் கையை வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. சற்று நேரம் எடுக்கவேயில்லை. குழாய்களில் சிலவற்றில் இன்றும் குடிநீர் வருகிறது என்பதை அம்மையார், நாங்கள் பேருந்தில் தண்ணீர் பாட்டில் வாங்கி முடித்த பிறகு தெரிவித்தார்.

பெரிய தெருவின் பெயர் ‘வளமைத் தெரு’. அதன் முனைக் குழாயில் செதுக்கிய பெண் உருவம் கையில் வளக்கொம்பு வைத்திருப்பதால், அகழ்ந்தவர்கள் அவளை வளமைத் தெய்வம் என்று கொண்டு தெருவுக்கே அப்பெயரை வைத்துவிட்டார்கள். அவள் உண்மையில் இணக்கத்தின் தெய்வமான கொங்கோர்தியா என்பது பிற்பாடு தெரிந்தது. பெயரை மாற்றவில்லை. வழிகாட்டிகள் மனப்பாடம் செய்துவிட்டால் உண்மையும் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். புளூட்டார்க் சொன்னதே.

மற்றவற்றைப் பார்த்தோம் என்று சொல்லலாம். ‘ஃபானின் வீடு’ எனப்படும் மாளிகையில் அலெக்சாந்தர் ஓவியத்தரை. மூலம் நாப்போலி அருங்காட்சியகத்தில், இங்கே இருப்பது நகல். 1938இல் இந்த ஊரில் கிடைத்த இந்தியத் தந்தச் சிலையும் நாப்போலியில்தான். வழியில் இருக்கும் நாப்போலிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, அது செவ்வாய்ப் பயணத்தில் அடங்காது என்று பதில் வந்தது. விலைமாதர் வீட்டு வாசலில் நீண்ட வரிசை. உள்ளே கல்லில் கட்டிய கட்டில்கள், மெத்தை இல்லாமல். பெரியப்பா வெளியே நின்று வடிகாலைப் பார்த்தார்.

மதிய உணவு கட்டணத்தில் அடக்கம். மார்கரீட்டா பீட்சா. பெரியப்பா மிளகு கேட்டார். பரிமாறுபவர் முழங்கை நீளத்தில் ஒரு மரத்திரிகையைக் கொண்டுவந்து, மூன்றே மூன்று சுற்றுச் சுற்றி, கையோடு திரும்பக் கொண்டுபோய்விட்டார்.

“என்னடா இது, தீர்த்தம் குடுக்கற மாதிரி குடுத்துட்டுப் போறான்?”

இவ்வழக்கத்துக்குத் தக்க காரணம் இருக்கிறது. முன்பு படகேறிப் போன அதே மூத்த பிளினி, தம் ‘இயற்கை வரலாறு’ நூலில் கருமிளகு ஒரு ராத்தல் 4 தெனாரியஸ் என்று விலை எழுதிவைத்தவர். பழமும் இல்லை, பார்க்க அழகும் இல்லை, வெறும் காரத்துக்காக இந்தியா வரை போகிறோமே என்று அலுத்துக்கொண்டவர். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று கணக்குக் காட்டியவர். சேரர் துறைமுகமான முசிறியையும் பெயர் சொல்லி, பக்கத்தில் கொள்ளையர் தொல்லை என்று எச்சரித்திருக்கிறார். போன காசில் ஒரு பங்கு எங்கே வந்தது என்பதற்குக் கொங்கு நாட்டில் கிடைத்த ரோமக் காசுக் குவியல்களே சாட்சி. அன்று தொடங்கிய சிக்கனம் பரிமாறுபவரின் மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது என்பதே ஏற்புடைய விளக்கம். பெரியப்பா பையிலிருந்து சொந்த மிளகுப் பொட்டலத்தை எடுத்தார். பக்கத்து மேசையில் ஒரு டச்சுத் தம்பதி கை நீட்டினார்கள். இம்முறை காசு வாங்கவில்லை.

பவளப் பட்டறை நீண்ட ஆய்வுக்குரியதன்று. டோர்ரே டெல் கிரேக்கோ ஊர் சிப்பியிலும் பவளத்திலும் உருவம் செதுக்குவதற்குப் பேர்போனது. இவ்வட்டாரத்துப் பட்டறைகளில் கழிப்பறை இலவசம். போகும் வழி ஒரு கடைக்குள், வரும் வழி இன்னொரு கடைக்குள். “கீழக்கரையில சங்குல வளையல் அறுப்பாங்க தம்பி” என்று செதுக்கிக்கொண்டிருந்தவரிடம் பெரியப்பா தமிழிலேயே சொன்னார். அவர் தலையாட்டி, விலைச்சீட்டைத் திருப்பிக் காட்டினார்.

திரும்பும்போது பாதி வழியில் மழை பிடித்தது. ரோம் ரயில் நிலையத்தருகே பேருந்து நின்றபோது கொட்டிக்கொண்டிருந்தது. அம்மையார் கடைசி முறையாக எண்ணினார், நாற்பது. படியிறங்கி நீலக்குடையை, மூடியபடியே, வழக்கம்போல உயர்த்திப் பிடித்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“அம்மா, குடையைத் திறங்க, நனையறீங்க” என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

“இதுவா? இது திறக்காது. கம்பி உடைந்து மூன்று வருடம் ஆயிற்று” என்று சொல்லிவிட்டு, குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினார்.

ஆகவே வாசகர்கள் மேற்கண்ட நூற்பாவில் ‘மூடிய’ என்ற சொல்லுக்குத் ‘திறக்க இயலாத’ என்று உரையைத் திருத்திப் படித்துக்கொள்ளவும்.